ஆத்தங்குடி கல்லை நேரடியாக விற்க வந்த ஒரு குடும்பம்: நிகழ்வு ஆய்வு

காரைக்குடிப் பக்கத்துச் சிறு தொழில்களுக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. ஆத்தங்குடியில் சிமெண்ட் தரைக்கல் பட்டறை நடத்தும் ஒருவரும் அவருடைய அக்கா மகளும் சேர்ந்து 2018இல் ஒரு விற்பனைத் தொழிலைத் தொடங்கினார்கள். முதல் ரசீதிலிருந்து அதன் கணக்கு என் கையில் இருக்கிறது. இருவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்களையும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன். கைத்தொழில் பொருளை ஊருக்கு வெளியே விற்க நினைப்பவர்களுக்கு, முக்கியமாக நல்ல பொருளும் நல்ல படமும் இருந்தால் போதும் என்று நம்பி இறங்குகிறவர்களுக்கு, இது உதவும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டிநாட்டு ஊர். பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முன்பாதி வரை இந்தப் பக்கம் பெரிய பெரிய வீடுகளைக் கட்டினார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஜப்பானியச் சுவர் ஓடு எல்லாம் கப்பலில் வந்தன. தரைக்கு மட்டும் பல வீடுகளில் உள்ளூர்க் கல்லே போதுமானதாக இருந்தது.

சிமெண்டில் வண்ணப் பூ போட்டுத் தரைக்கல் செய்யும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் தொடங்கி உலகெங்கும் பரவியது. பம்பாயில் 1922இல் சுதேசி உணர்வோடு தொடங்கிய பாரத் ஃப்ளோரிங்ஸ் நிறுவனமும் இதே வகைக் கல்லைத்தான் செய்தது. பெரும்பாலான இடங்களில் இந்தக் கல்லை அழுத்து இயந்திரத்தில் செய்வார்கள். ஆத்தங்குடியில் இயந்திரம் கிடையாது. கண்ணாடித் தகடும் கையும்தான்.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததோடு அங்கே போட்டிருந்த முதல் பெரும்பாலும் போயிற்று. பெரிய வீடு கட்டுகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு மொசைக் வந்தது, கிரானைட் வந்தது, அப்புறம் விட்ரிஃபைடு டைல்ஸ். பட்டறைகள் அந்தக் காலத்தையெல்லாம் எப்படியோ கடந்து வந்தன. பழைய வீடுகள் சில தங்கும் விடுதிகளாக மாறத் தொடங்கியதும் வெளியூர்க்காரர்களின் கண் மறுபடி இந்தத் தரையின்மேல் விழுந்தது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

நான் சொல்ல வரும் பட்டறை தகப்பனாரிடமிருந்து வந்தது. ஒரு கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, கையளவு ஆட்கள். செய்யும் கல் முழுவதையும் வெளியூர் வியாபாரிகள் கல்லுக்கு இவ்வளவு என்று விலை பேசி எடுத்துப் போவார்கள். வெள்ளை சிமெண்டும் வண்ணப் பொடியும் விலை ஏறிக்கொண்டே இருந்தன. வியாபாரி கொடுக்கும் விலை மட்டும் நகரவில்லை. 2017 கடைசியில் அவர் என்னிடம் கணக்கைக் கொண்டுவந்தபோது, தன் உழைப்புக்குக் கூலி எழுதினால் பட்டறை நட்டத்தில் இருப்பது தெரிந்தது.

அக்கா மகள் சென்னையில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பொருள் கொள்முதல் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் கல் தன் சைட்டிலேயே வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறார். ஊருக்கு வந்தபோது பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது.

"மாமா, நீங்க கொடுக்குற விலைக்கு ரெண்டு மடங்குக்கு மேல போட்டு அங்க விக்கிறாங்க."

"லாரி வாடகை, உடைசல், வராத பாக்கி எல்லாம் அவன் தலையிலதான ஆத்தா இருக்கு? அதையும் சேத்துக் கணக்குப் போடு."

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். வியாபாரியை வெறும் இடைத்தரகர் என்று ஒதுக்கிவிட்டு நேரடி விற்பனைக்கு வருகிறவர்கள், அவர் சுமந்த சுமை எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் எடுத்துப் பார்ப்பதில்லை. இந்தக் குடும்பமும் அதை முதல் ஆர்டரில்தான் தெரிந்துகொண்டது.

கல் உருவாகும் விதம்

பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் செய்முறையோடு ஒட்டியவை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆத்தங்குடி கல் சூளைக்குப் போவதில்லை. சிமெண்ட், மணல், வண்ணப் பொடி, தண்ணீர், கண்ணாடி, இவ்வளவுதான் சரக்கு. கண்ணாடித் தகட்டைச் சுத்தமாகத் துடைத்து அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். சட்டத்துக்குள் பூ வடிவத்துக்கு வளைத்த தகட்டு அச்சு இறங்கும். அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வண்ணத்தைக் கூழ் பதத்தில் ஊற்றுகிறார்கள். ஊற்றி முடித்ததும் அச்சை நேர் மேலே தூக்க வேண்டும். கை ஆடினால் இதழின் ஓரம் கலங்கிவிடும். பிறகு உலர்ந்த சிமெண்ட் மணல் கலவையைத் தூவுகிறார்கள். அது கூழில் மிஞ்சிய நீரை உறிஞ்சி வண்ணத்தை நிறுத்துகிறது. அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டுக் கரண்டியால் அழுத்திச் சமப்படுத்துகிறார்கள். ஆக, நாம் மிதிக்கப்போகும் முகம் அடியில் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது. இறுகிய கல் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். வெளியே எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி தானாக விட்டுவிடும். கல்லின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. மெருகு இயந்திரம் எதுவும் அதைத் தொடுவதில்லை.

இதிலிருந்து வாங்குகிறவருக்கு மூன்று விஷயங்கள் புரிய வேண்டும். வண்ணப் பகுதி சில மில்லிமீட்டர்தான். அதைத் தேய்த்தாலோ அரித்தாலோ மறுபடி கொண்டுவர முடியாது. இரண்டாவது, தொட்டியிலிருந்து வெளியே வந்த கல் முடிந்துபோன பொருள் அல்ல. சிமெண்ட் வாரக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். கட்டுமானத் துறையில் அதன் வலிமையை 28ஆம் நாள் சோதிப்பதும் அதனால்தான். மூன்றாவது, சிமெண்டுக்குள் இருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றுப் பட்டால் வெள்ளையாகப் படியும். இதைத்தான் இங்கே உப்பு பூக்கிறது என்பார்கள். சிவப்பு, கறுப்பு போன்ற அடர்ந்த வண்ணங்களில் அது பளிச்சென்று தெரியும்.

வண்ணப் பொடியும் கண்டதைப் போட முடியாது. சிமெண்டின் காரத்தைத் தாங்க வேண்டும். இரும்பு ஆக்சைடு தரும் சிவப்பும் மஞ்சளும், குரோமியம் ஆக்சைடு தரும் பச்சையும் நிற்கும். மலிவான சாயப் பொடி நாளாக ஆக வெளுத்துப்போகும்.

முதல் ஆர்டர்

2018 நடுவில் வேலையை விடாமலே அக்கா மகள் ஆர்டர் பிடிக்கத் தொடங்கினார். பழைய வீடுகளின் தரையைப் படம் எடுத்துத் தெரிந்த கட்டடக்கலைஞர்களுக்கு அனுப்பினார். விசாரணை நிறைய வந்தது. அந்த ஆண்டு கடைசியில் சென்னைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு புது வீட்டுக்கு ஆர்டர் உறுதியானது. கூடமும் தாழ்வாரமும் சேர்த்து ஏறக்குறைய 1,000 சதுர அடி. தை மாதம் புதுமனை புகுவிழா.

அளவு என்ன என்று பார்ப்போம். 10 அங்குலக் கல்லில் 1,000 சதுர அடிக்கு 1,440 கல் வேண்டும். உடைசல், ஓரம் வெட்டுவது எல்லாம் சேர்த்தால் 1,500க்கு மேல். முக்கால் அங்குலக் கனமுள்ள ஒரு கல் சுமார் இரண்டே முக்கால் கிலோ இருக்கும். மொத்தம் 4 டன்னுக்கு மேல் போகிறது. மாதிரிக்கு வாங்கிப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பு என்று சொல்லக்கூடிய பொருள் இல்லை இது. லாரி கிளம்பிவிட்டால் கிளம்பியதுதான்.

தை தேதி நெருங்கியதால் கடைசிப் பகுதிக் கற்களைத் தொட்டியிலிருந்து எடுத்து, கண்ணாடி விட்டதும் சில நாளிலேயே ஏற்றிவிட்டார்கள். சைட்டில் இறக்கியவர்கள் கல்லைப் படுக்கவைத்து அடுக்கினார்கள். நிறைய மூலைகள் போயின. இது சிறிய நட்டம். பெரியது பிறகு வந்தது.

அந்த வீட்டின் ஒப்பந்தக்காரர் தன்னுடைய வழக்கமான டைல்ஸ் ஆட்களையே விட்டுக் கல்லைப் பதித்தார். விட்ரிஃபைடு டைல்ஸில் சிமெண்ட் பால் மேலெல்லாம் வழிந்தாலும் கவலையில்லை. காய்ந்த பிறகு சுரண்டி, ஆசிட் விட்டுக் கழுவிவிடலாம். அவர்களுக்குத் தெரிந்த முறை அதுதான். இங்கேயும் அதையே செய்தார்கள். ஆசிட் பட்ட சிமெண்ட் அரிபடும். கூடத்தின் சிவப்புத் தரை ஒரே நாளில் மங்கிச் சொரசொரப்பாகப் போயிற்று. விழாவுக்கு வந்தவர்கள் முன்னால் பாய் விரித்து மறைக்க வேண்டியிருந்தது என்று வீட்டுக்காரர் பின்னால் சொன்னார். பாக்கித் தொகையைத் தர மாட்டேன் என்று செய்தி அனுப்பினார்.

கண்டறிந்தவை

மாமாவும் அக்கா மகளும் நேரில் போனார்கள். மாமா அதே ஈட்டில் (ஒரு தடவை கலந்த கலவையில் போட்ட கற்களை ஓர் ஈடு என்பார்கள்) பட்டறையில் மிச்சமிருந்த கல் சிலவற்றைக் கையோடு எடுத்துப் போயிருந்தார். தரையில் உட்கார்ந்து, ஈரத் துணியால் துடைத்து, பக்கத்தில் அந்தக் கல்லை வைத்துக் காட்டினார். வித்தியாசம் யாருக்கும் விளக்காமலே தெரிந்தது.

"கல்லுல குத்தமில்ல ஆத்தா. மேல்தோல எரிச்சுட்டாங்க."

ஆனால் அவர் அதோடு எழுந்துவிடவில்லை, தாழ்வாரத்துக்கும் போனார். இதனால்தான் இந்த நிகழ்வை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தாழ்வாரத்தில் ஆசிட் படவே இல்லை. அங்கேயும் கறுப்பு ஓரக்கற்களில் வெள்ளை பூத்திருந்தது. கடைசியாக அவசரத்தில் ஏற்றிய கற்கள் அவை. கல்லுக்குள் ஈரம் இருந்திருக்கிறது, அடிக் கலவையின் ஈரமும் சேர்ந்துகொண்டது. ஒப்பந்தக்காரரின் தவறு வேறு, பட்டறையின் அவசரம் வேறு என்று அவரே வீட்டுக்காரரிடம் பிரித்துச் சொன்னார். பழி முழுவதையும் ஒப்பந்தக்காரர் மேல் போட வசதியான நேரம் அது. அப்படிப் போட்டிருந்தால் இரண்டாவது காரணம் வெளியே வந்தே இருக்காது.

கவனித்தவை வேறு சிலவும் உண்டு. வீட்டுக்காரர் திரையில் பார்த்த மஞ்சளும் வந்து இறங்கிய மஞ்சளும் ஒன்றில்லை. படம் ஈரமான கல்லை எடுத்தது. சிமெண்ட் ஈரத்தில் அடர்ந்து தெரியும், காய்ந்தால் வெளிறும். தவிர, இரண்டு ஈட்டுக்கு இடையில் பச்சை சற்று மாறியிருந்தது. பட்டறையில் வண்ணம் கலப்பது அதுவரை கை அளவுதான். கூடத்தின் ஒரு சுவர் நேராக இல்லாததால், ஓர வரிசையின் பூ ஒரு பக்கம் பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. கல் செய்வதற்கு முன்னால் யாராவது போய் அளந்து பார்த்திருக்க வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் அந்த வீட்டையே சரிசெய்வது என்று முடிவானது. கூடத்துக் கல் முழுவதையும் பட்டறை இலவசமாகக் கொடுத்தது. பெயர்த்துப் பதிக்கும் கூலியை வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். ஊரிலிருந்தே ஒரு மேஸ்திரியைக் கூட்டிப் போனார்கள். சட்டப்படி பார்த்தால் கொடுக்க வேண்டியதில்லை. நானும் கணக்கைக் காட்டி, அந்த ஆண்டு லாபம் என்று எதுவும் மிஞ்சாது என்று சொன்னேன். அக்கா மகள் சொன்ன காரணம் இது: அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் ஒப்பந்தக்காரர் யார் என்று கேட்க மாட்டார்கள், ஆத்தங்குடி கல் என்றால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

அடுத்தது, தொழிலின் திசையையே மாற்றிய முடிவு. இனிமேல் நேரடி விற்பனையில், பதிக்கும் ஆளை அனுப்பாமல் கல்லை விற்பதில்லை. விலையும் சதுர அடிக்கு, பதித்துக் கொடுத்த தரைக்கு. கல்லுக்குத் தனி விலை கிடையாது. ஏனென்றால் இந்தக் கல்லின் பாதி வேலை பட்டறைக்கு வெளியே நடக்கிறது. அடித்தளம் மட்டமாக இருக்க வேண்டும். கற்கள் நெருக்கி உட்கார வேண்டும். இடுக்கில் விடும் சிமெண்ட் பாலை அந்தந்த நிமிடமே துடைத்தெடுக்க வேண்டும். பதித்த பிறகு நெல் உமியைத் தூவித் தேய்ப்பது பழைய வழக்கம். அப்புறம் ஈரத் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்துவருவார்கள். மெருகு நடந்து நடந்துதான் ஏறும். இவ்வளவையும் நாலு வரியில் எழுதி லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்ப முடியாது.

இந்த முடிவில் விற்பனை குறைந்தது. ஆள் எங்களிடமே இருக்கிறது, கல்லை மட்டும் கொடுங்கள் என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் விலகிப்போனார்கள். வேலை தெரிந்த மேஸ்திரிகளும் கொஞ்சம் பேர்தான், அவர்களும் வயதானவர்கள். ஒரு மேஸ்திரியை நிரந்தரமாக வைத்து, பட்டறையில் வேலை செய்தவரின் மகன் ஒருவரை அவருக்குக் கீழே சேர்த்தார்கள்.

வண்ணத்தைத் தராசில் நிறுப்பதுதான் வீட்டுக்குள் அதிகம் பேச்சை உண்டாக்கியது. "என் கை சொல்லாததையா தராசு சொல்லப்போகுது?" என்று மாமா கேட்டார். அவர் கை தவறியதே இல்லை என்பது உண்மை. ஆனால் அவர் காய்ச்சலில் படுத்த வாரத்தில் வேறொருவர் கலந்த பச்சைதான் முதல் வீட்டில் மாறிப்போனது. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மாமா தன் கையால் எடுத்த பிடியை நிறுத்து எழுதிக்கொள்வது. அடுத்த ஈடுகளை அந்த எடைக்கே கலப்பது. காய்ந்த கல்லைப் பார்த்து மாமா சரி என்று சொன்ன பிறகே மேற்கொண்டு போடுவது. குறிப்பேட்டின் முதல் பக்கங்கள் அப்படி உருவானவை.

மற்றவை சுருக்கமாக: படம் பார்த்து ஆர்டர் எடுப்பதில்லை, காய்ந்த கல்லையே பார்சலில் அனுப்பி ஒப்புதல் வாங்குவது. பத்தில் ஒரு பங்கு கல்லை அதே ஈட்டில் கூடுதலாகச் செய்து வீட்டுக்காரரிடமே வைக்கச் சொல்வது, ஏனென்றால் பின்னால் ஒரு கல் உடைந்தால் அதே நிறம் கிடைக்காது. கல்லை முகத்தோடு முகம் சேர்த்து, நிற்கவைத்தே ஏற்றுவது, இறக்குவது. அறையை மேஸ்திரி போய் அளந்த பிறகே ஓரக்கல் செய்வது. பாதித் தொகை முன்பணம்.

கூலியில் ஒரு மாற்றம் செய்தார்கள். அதுவரை எந்தக் கல்லானாலும் ஒரே கூலி. நான்கைந்து வண்ணமுள்ள பூக்கல்லுக்கும் ஒற்றை வண்ணக் கல்லுக்கும் ஒரே தொகை என்றால், கை தேர்ந்தவருக்குப் பூக்கல் நட்டம். வண்ணத்துக்கு ஏற்பக் கூலியைப் பிரித்தார்கள். கல்லைத் தரம் பிரிக்கும் நாளுக்கு நாள்கூலி வைத்தார்கள். குறைக்கல்லுக்குக் கூலி பிடிப்பதில்லை என்றும் வைத்தார்கள், அதனால் குறையை மறைக்க யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. என் பார்வையில் 2019இல் எடுத்த முடிவுகளில் மிகச் சிறந்தது இதுதான், வெளியே பேசப்படாததும் இதுதான்.

ஊரடங்கு மாதங்கள்

2020 மார்ச்சில் கோயம்புத்தூர் வீடு ஒன்றுக்கான கற்கள் தயாராகி லாரிக்குக் காத்திருந்தன. மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. பட்டறையும் நின்றது. முன்பணத்தில் மிச்சமிருந்ததை எடுத்து ஆட்களுக்குப் பாதிக் கூலி கொடுத்துவந்தார்கள். அந்த மாதங்களின் பேரேட்டில் வரவுப் பக்கம் காலியாகவே இருக்கிறது.

கற்கள் கொட்டகையில் நின்றபடியே கோடையைக் கழித்தன. கட்டுமானம் மறுபடி தொடங்கி, மழைக்கு முன்னால் அந்த வீட்டில் பதித்தபோது மேஸ்திரிதான் முதலில் சொன்னார், இந்தத் தடவை தரை பூக்கவில்லை என்று. அடர்ந்த வண்ணங்கள்கூட சுத்தமாக இருந்தன. மூலை உடைசலும் குறைவு.

அக்கா மகள் இதைத் தற்செயல் என்று விடவில்லை. பட்டறையின் முன்திண்ணையில் ஒரு பாதிக்குப் பல வாரம் நின்ற கல்லும் மறுபாதிக்குப் புதுக்கல்லும், ஒரே நாளில், ஒரே கலவையில், ஒரே மேஸ்திரியை வைத்துப் பதித்துப் பார்த்தார். புதுக்கல் பாதி வெள்ளை பூத்தது. மறுபாதி ஏறக்குறையப் பூக்கவில்லை. காரணம் புரியாததல்ல. நின்ற கல்லில் வெளியே வர வேண்டிய சுண்ணாம்பு கொட்டகையிலேயே வந்து துடைபட்டுவிடுகிறது. சுருங்க வேண்டிய சுருக்கமும் அங்கேயே முடிகிறது. மயிரிழை வெடிப்பு விடும் கல் பதிக்கும் முன்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆறு வாரம் நிற்காத கல் பட்டறையை விட்டுப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். நான் எதிர்த்தேன். ஒன்றரை மாத உற்பத்தி எப்போதும் விற்காமல் நிற்கும் என்றால், அத்தனை சிமெண்டும் கூலியும் முடங்கிய பணம். இந்த அளவுத் தொழிலுக்கு அது மூச்சு முட்டும் சுமை. அக்கா மகள் அதற்கு ஒரு வழி கண்டார். எல்லா வீட்டுக்கும் பொதுவாகப் போகும் ஒற்றைச் சிவப்பு, சில ஓரக்கற்கள், அதிகம் கேட்கப்படும் இரண்டு மூன்று பூ, இவற்றை மட்டும் ஆர்டர் இல்லாமலே தொடர்ந்து போட்டு நிறுத்துவது. வாடிக்கையாளர் தனியாகக் கேட்கும் வண்ணத்துக்கு ஆறு வாரத்தையும் சேர்த்துத் தேதி சொல்வது. பொதுக்கல் யாருக்கும் விற்கும் என்பதால் பணம் முடங்கினாலும் மூழ்காது. கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அது நின்றது, நானும் ஒப்புக்கொண்டேன்.

பின் நடந்தவை

2021இல் அக்கா மகள் சென்னை வேலையை விட்டு ஊருக்கு வந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் தனக்கென்று எதுவும் எடுக்காதவர், அதற்குப் பிறகு மாதச் சம்பளம் எடுக்கிறார். அவர் சென்னையில் வாங்கியதைவிட அது குறைவுதான். பட்டறையிலிருந்து ஆட்கள் விலகவில்லை. மேஸ்திரிக்குக் கீழே சேர்ந்த இளைஞர் இப்போது தனியாக அறை முழுவதையும் பதிக்கிறார், இன்னொருவரும் பழகிவருகிறார். விசாரணைகளில் பெரும்பகுதி ஏற்கெனவே தரை போட்ட வீடுகளைப் பார்த்தவர்களிடமிருந்து வருகிறது. முதல் வீட்டுக்காரரே இரண்டு வீடுகளைக் காட்டிவிட்டார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத முடியாது. பழைய வியாபாரிகளில் பெரியவர் ஒருவர் ஆறு வாரக் காத்திருப்புக்குச் சம்மதிக்காமல் வேறு பட்டறைக்குப் போனார். அந்த வரவு திரும்பவில்லை. ஒரு விடுதியின் பெரிய ஆர்டரைத் தேதி ஒத்துவராமல் மறுக்க வேண்டியிருந்தது. மறுத்தது சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அந்த ஆண்டு மார்ச்சில் சிமெண்டுக்குக் கடன் வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு ஆர்டரைப் பக்கத்துப் பட்டறையோடு பங்கு போட்டார்கள். ஒரே கூடத்தில் இரண்டு பட்டறைக் கல்லும் கலந்தபோது, எடைக் குறிப்பைக் கொடுத்திருந்தும் சிவப்பு இரண்டு விதமாக வந்தது. மணல் வேறு, தூவும் கை வேறு. அதிலிருந்து பங்கு போட்டால் அறை அறையாகப் பிரிக்கிறார்கள், ஒரே அறைக்குள் இரண்டு பட்டறைக் கல் போவதில்லை.

அச்சடித்த பூவோடு, ஆத்தங்குடி மாதிரி என்று சொல்லி, இயந்திரத்தில் செய்த டைல்ஸ் கடைகளில் வருகிறது. விலையில் அதோடு போட்டி போட முடியாது, போடவும் இல்லை. கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

மறுபடி தொடங்கினால் மாற்ற வேண்டியவை

முதல் நாளிலிருந்தே நிபந்தனைகளை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும் என்று இருவரும் சொல்கிறார்கள். இப்போது ஒரு பக்கத் தாள் இருக்கிறது. ஆசிட் கூடாது, மெருகு இயந்திரம் கூடாது, பெயின்ட் வேலை முடிந்த பிறகே பதிப்போம், கொஞ்சம் நிற வித்தியாசம் இருக்கும், முதல் மாதங்களில் லேசாக வெள்ளை பூத்தால் துடைத்தால் போகும். இது ஆர்டர் எடுக்கும்போதே கையெழுத்தாகிறது.

சமையலறை பற்றி நான் அவர்களோடு ஒத்துப்போகவில்லை. கேட்டால் போட்டுத் தருகிறார்கள். எலுமிச்சை, புளி, தயிர் எதுவானாலும் புளிப்பு சிமெண்டை அரிக்கும், மஞ்சளும் எண்ணெயும் கறையாக இறங்கும். முழுதும் தெரிந்து கேட்கிறவருக்குப் போடலாம் என்பது மாமாவின் பேச்சு. சமையலறைத் தரை பற்றி வரும் புகார்களைக் கணக்கில் பார்க்கிறவன் என்ற முறையில், அங்கே வேறு கல்லைச் சொல்லிவிடுவதே நல்லது என்று இன்னமும் நினைக்கிறேன்.

விலையில் பழுதுபார்ப்புக்கான பங்கை முதல் ஆர்டரிலேயே சேர்த்திருக்க வேண்டும். 2019க்குப் பிறகு ஒவ்வொரு ஆர்டரிலிருந்தும் ஒரு சிறு தொகை தனிக் கணக்கில் போகிறது. ஒரு தரையில் நாலு கல்லை மாற்ற மேஸ்திரி திருச்சி வரை போய்வந்தால், அந்தச் செலவு இப்போது யாரையும் உறுத்துவதில்லை.

தள்ளிப்போட்டதில் பெரியது அச்சு. பட்டறையில் இருக்கும் பூ அச்சுகளில் பல தகப்பனார் காலத்தவை. தகடு தேய்ந்து, ஓரம் வளைந்து, சில பூக்களைப் போடவே முடியாமல் போய்விட்டது. அச்சுத் தகட்டை வளைத்துப் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை, இருப்பவர்களும் நிதானமாகத்தான் செய்வார்கள். வருமானம் வந்த முதல் ஆண்டிலேயே ஆண்டுக்கு இத்தனை அச்சு என்று ஒதுக்கியிருந்தால் இரண்டு மூன்று பழைய பூக்கள் தப்பியிருக்கும். இந்த ஆண்டுப் பேரேட்டில் அச்சுக்கென்று தனித் தலைப்பு திறந்திருக்கிறோம். அதில் எழுதியிருக்கும் முதல் செலவு, எட்டு அங்குல ஓரக்கல் அச்சு ஒன்றுக்கு மாற்று செய்யக் கொடுத்த முன்பணம்.